உறங்கிய உழைப்பு: டாஸ் காலத்து மின்சிக்கனம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

2004-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு நாள், பன்னிரண்டு நெகிழ்வட்டுகள் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தன. அனுப்பியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். தம் ஊர்த் தலபுராணத்துக்கு ஒரு சொல்லடைவு தயாரிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நூல் அச்சிலிருந்து மறைந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. தம்மிடம் எஞ்சியிருந்த ஒரே படியைப் பாட்டுப் பாட்டாகப் பார்த்து, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து அவரே தட்டச்சிட்டிருந்தார். அச்சொற்களைப் பிரித்துத் தமிழ் அகரவரிசையில் அடுக்கித் தரும் நிரலையும், டர்போ பாஸ்கல் மொழியைத் தாமாகவே கற்று, அவரே எழுதியிருந்தார். 1990-களின் நடுவில் செய்த வேலை அது. ஆனால் அடைவு முற்றுப்பெறவில்லை, பெயர்ச்சொற்களோடு நின்றுவிட்டது. "சிறிது நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு இயந்திரம் களைத்துப்போகிறது. என் நிரலில்தான் ஏதோ குறை இருக்க வேண்டும். முடிந்தால் பார்த்து முடித்துக் கொடுங்கள்" என்றொரு கடிதமும் உடன் இருந்தது.

எங்களிடமிருந்த புதிய கணினியில் அந்த நிரல் ஓடவே மறுத்தது. தொடங்கிய கணத்திலேயே "பிழை 200" என்று சொல்லிவிட்டு நின்றது. வேறு வழியின்றி அவருடைய பழைய மடிக்கணினியையே வரவழைத்தோம். டாஸ் இயங்குதளம் கொண்ட, மின்கலம் எப்போதோ செத்துப்போன, சுவரில் செருகினால் மட்டுமே உயிர்பெறும் இயந்திரம் அது. அதில் நிரல் ஓடியது. சொற்கள் அனைத்தையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு அடுக்கத் தொடங்கியது. திரையின் மூலையில் எண்கள் விரைவாக ஏறின. ஒரு நிமிடம் கழிந்ததும் அவற்றின் ஓட்டம் தளர்ந்தது. ஆசிரியர் எழுதியது மெய்தான். இயந்திரம் களைத்துவிட்டது போலத்தான் இருந்தது.

அன்றிரவு முழுவதும் ஓடியும் வேலை முடியவில்லை. விடிகாலையில் எங்களில் ஒருவர் சோர்வோடு விசைப்பலகையின் மேல் கையை ஊன்றினார். எண்கள் உடனே பழைய வேகத்தில் ஓடத் தொடங்கின. ஒரு நிமிடம் கழித்து மீண்டும் தளர்ந்தன. மீண்டும் ஒரு விசையைத் தொட்டோம், மீண்டும் வேகம். ஆளின் கை பட்டால் உழைப்பதும், விட்டால் தூங்குவதுமாக ஒரு கணினி ஏன் நடந்துகொள்ள வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரு கால் நூற்றாண்டு வரலாறு. கணினித் தொழிலில் இல்லாத இலக்கிய வாசகர்களுக்கும் அது உவப்பாக இருக்கும் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறோம்.

காத்திருக்கத் தெரியாத இயங்குதளம்

ஐபிஎம் நிறுவனம் தன் தனிமனிதக் கணினியை 1981-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள் அறிமுகப்படுத்தியது. அதனுள் இருந்தது இன்டெல் 8088 என்னும் மையச் செயலி. அதன் கடிகாரம் நொடிக்கு 47.7 லட்சம் முறை துடித்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய இயங்குதளமே டாஸ். சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் 1980-இல் எழுதிய ஓர் இயங்குதளத்தை வாங்கி வளர்த்தெடுத்தது அது.

டாஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்யும். கணினி முழுவதும் அப்போது ஓடும் ஒரே நிரலின் உடைமை. இந்த எளிமையே அதன் வலிமை. நாம் பேசப்போகும் சிக்கலின் வேரும் அதுதான். விசைப்பலகையில் எவரேனும் ஓர் எழுத்தைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டுமென்றால் டாஸ் என்ன செய்யும்? "விசை அழுந்தியதா? இல்லை. விசை அழுந்தியதா? இல்லை" என்று நினைவகத்தின் ஒரு மூலையை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நொடிக்குள் பல்லாயிரம் முறை இந்தக் கேள்வி கேட்கப்படும். வாசலில் நின்றுகொண்டு தெருமுனையையே பார்த்திருப்பவரைப் போன்றது இந்தக் காத்திருப்பு. உட்காருவதில்லை, கண் அயர்வதில்லை.

செயலிக்கு உறங்கத் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. 1978-இல் வெளிவந்த இன்டெல் 8086-இலேயே "ஹால்ட்" என்றொரு கட்டளை உண்டு. அதை இட்டால் செயலி அப்படியே நின்றுவிடும். விசைப்பலகையோ கடிகாரமோ வேறேதேனும் கருவியோ "குறுக்கீடு" எனப்படும் சைகையை அனுப்பினால்தான் மீண்டும் எழும். டாஸை எழுதியவர்கள் விரும்பியிருந்தால் அதைப் பயன்படுத்தியிருக்கலாம்.

அவர்களைக் குறைசொல்வது நியாயமன்று. 8088 செயலி என்மாஸ் என்னும் தொழில்நுட்பத்தில் உருவானது. அவ்வகைச் சுற்றுகள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தை உண்ணும். செயலியை நிறுத்திவைப்பதால் மிச்சமாவது மிகச் சொற்பம். ஐபிஎம் கணினியின் மின்வழங்கி 63.5 வாட் திறனுடையது. அதன் கம்பி எந்நேரமும் சுவரில் செருகப்பட்டிருந்தது. மின்சாரத்தை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை அன்று எவருக்கும் இல்லை. ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் எளிய வழி, விரைவான வழியும் கூட.

எனினும் அந்த வெற்றுக் காத்திருப்பு வீணாகிறது என்பதை ஒருவகையில் டாஸ் முன்பே உணர்ந்திருந்தது. 1983-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், பின்னணியில் அச்சிடும் சிறு நிரல் ஒன்று இருந்தது. பயனர் அடுத்த விசையைத் தட்டும்வரை டாஸ் காத்திருக்கும்போது, "இப்போது எனக்கு வேலையில்லை" என்று ஒரு சிறப்புக் குறுக்கீட்டின் வழியாக அது அறிவிக்கும். அச்சு நிரல் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு ஓரிரு வரிகளை அச்சுப்பொறிக்கு அனுப்பும். பின்னாளில் மின்சிக்கனம் செய்ய வந்தவர்கள் பற்றிக்கொண்ட கயிறுகளில் இதுவும் ஒன்று.

எழுத்தாளனின் மௌனம்

டாஸில் எழுதியவர்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், தாம் டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 என்னும் பழைய நிரலைக் கொண்டே எழுதுவதாக 2014-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். கனடாவின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர், வேர்ட்ஸ்டாரின் கடைசி டாஸ் பதிப்பான 7.0-ஐ அதன் கையேடுகளோடு தொகுத்து 2024-இல் பொதுவில் வைத்தார். இன்றும் அதற்குப் பற்றாளர்கள் இருக்கிறார்கள்.

அத்தகைய எழுத்தாளர் ஒருவர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, அடுத்த வாக்கியத்துக்காக இரண்டு நிமிடம் சன்னலுக்கு வெளியே பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நிமிடத்தில் 8088-இன் கடிகாரம் ஏறக்குறைய 57 கோடி முறை துடித்திருக்கும். அத்தனை துடிப்பும் "விசை அழுந்தியதா?" என்னும் கேள்விக்கே செலவாகியிருக்கும். எழுதுகிறவர் ஓய்ந்திருப்பதுபோல் தோன்றினாலும் அவர் மனம் உழைக்கிறது. கணினி ஓயாது உழைப்பதுபோல் தோன்றினாலும் அதற்கு வேலை ஏதுமில்லை. வெளித்தோற்றத்தைக் கொண்டு எவர் உழைக்கிறார், எவர் சும்மா இருக்கிறார் என்று சொல்ல முடியாது. இந்த உண்மையோடுதான் அடுத்த பத்தாண்டுகளின் பொறியாளர்கள் மல்லுக்கட்டினார்கள்.

மின்கலத்தின் வருகை

கணினியை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபோது நிலைமை மாறியது. 1985-இல் தோஷிபா டி1100, 1986-இல் ஐபிஎம் கன்வெர்ட்டிபிள் என மின்கலத்தில் ஓடும் கணினிகள் வந்தன. இவற்றில் இருந்தது 8088-இன் சீமாஸ் வடிவம். சீமாஸ் சுற்றுகள் முந்தியவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறானவை. நிலைமாறும்போது மட்டுமே அவை குறிப்பிடத்தக்க மின்சாரத்தை உண்ணும். கடிகாரத்தைப் பாதியாகக் குறைத்தால் அந்தச் செலவும் ஏறத்தாழப் பாதியாகும். கடிகாரத்தை நிறுத்தினால் ஏறக்குறைய இல்லாமலே போகும். சும்மா இருப்பதற்கு முதன்முறையாக ஒரு விலைமதிப்பு உண்டாயிற்று.

ஆனால் டாஸ் சும்மா இருப்பதே இல்லையே! அது காத்திருக்கும்போதும் முழுமூச்சில் ஓடிக்கொண்டல்லவா இருக்கிறது? பொறியாளர்கள் இருமுனைகளிலிருந்து இந்தச் சிக்கலை அணுகினார்கள்.

முதல் முனை வன்பொருள். இன்டெல் 1990-இல் மடிக்கணினிகளுக்கென 386எஸ்எல் செயலியை வெளியிட்டது. அதில் புதுமையான ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு தனிச் சைகை வந்தவுடன் செயலி தான் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே ஓரிடத்தில் குறித்துவைத்துவிட்டு, மறைவான நினைவகப் பகுதிக்குள் நுழைந்து, கணினி தயாரித்தவர் அங்கே எழுதிவைத்த கட்டளைகளை நிறைவேற்றிவிட்டுத் திரும்பும். இடையில் என்ன நடந்தது என்பது டாஸுக்கோ அதில் ஓடும் நிரலுக்கோ தெரியாது. கடிகாரத்தைத் தளர்த்துவது, திரையை அணைப்பது, வன்தட்டை நிறுத்துவது போன்றவற்றை இயங்குதளத்தைக் கேட்காமலே செய்ய இது வழிவகுத்தது.

இரண்டாம் முனை உடன்படிக்கை. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1992-இல் ஏபிஎம் என்னும் மின்மேலாண்மை விதிமுறையை வெளியிட்டன. இயங்குதளமும், கணினியின் அடிப்படை நிரலான பயோஸும் இனி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளலாம். அந்த உரையாடலில் இரண்டு வாசகங்கள் நமக்கு முக்கியமானவை. "செயலிக்கு வேலையில்லை" என்பது ஒன்று. "செயலிக்கு வேலை வந்துவிட்டது" என்பது மற்றொன்று. முதலாவதைக் கேட்டதும் பயோஸ் செயலியை நிறுத்திவைக்கலாம், அல்லது கடிகாரத்தைத் தளர்த்தலாம். தளர்த்தும் வகையாக இருந்தால், இரண்டாவது வாசகத்தைச் சொல்லி வேகத்தை மீட்க வேண்டியது இயங்குதளத்தின் பொறுப்பு. வேலையில்லை என்று அறிவித்துவிட்டு, வேலை வந்ததைச் சொல்ல மறந்தால் கணினி தளர்நடையிலேயே இருந்துவிடும்.

ஊகமும் பிழையும்

இந்த உரையாடலில் டாஸின் சார்பில் பேச ஒருவர் வேண்டும். 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6-உடன் "பவர்" என்னும் சிறு நிரல் அந்தப் பணிக்காக வந்தது. கணினியின் வன்பொருள் ஏபிஎம் விதிமுறையை ஏற்குமானால் ஏறத்தாழ 25 விழுக்காடும், ஏற்காவிட்டால் ஏறத்தாழ 5 விழுக்காடும் மின்சாரம் மிச்சமாகும் என்று அதன் விளக்கக் குறிப்பு சொன்னது. 25 விழுக்காடு என்றால், 3 மணி நேரம் தாங்கும் மின்கலம் 4 மணி நேரம் தாங்கும். வெறும் 5 விழுக்காடு என்றால் கூடுதலாகக் கிடைப்பது 10 நிமிடத்துக்கும் குறைவு.

பவர் நிரலின் வேலை ஊகிப்பது. ஒரு நிரல் விசைப்பலகையை மீண்டும் மீண்டும் விசாரித்தால் அது பயனருக்காகக் காத்திருக்கிறது என்று முடிவுசெய்து செயலியை உறங்கவைக்கும். சொல்தொகுப்பியைப் பொறுத்தவரை இந்த ஊகம் பெரும்பாலும் சரி. ஆனால் எல்லா நிரல்களும் அப்படியல்ல. சதுரங்கம் ஆடும் நிரலை எடுத்துக்கொள்வோம். அது அடுத்த நகர்வை ஆராய்ந்துகொண்டே, "ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிப் பயனர் விசையைத் தட்டினாரா?" என்று இடையிடையே பார்க்கும். தொலைபேசிக் கம்பி வழியே கோப்புகளைப் பெறும் நிரலும் அப்படியே. வேலையில் மூழ்கியிருப்பவர் அவ்வப்போது தலையைத் தூக்கி வாசலைப் பார்ப்பது போன்றது அது. அவர் தலை தூக்கும் ஒவ்வொரு முறையும் "சும்மாதான் இருக்கிறார்" என்று மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டால் எப்படியிருக்கும்?

பிழையான ஊகத்தின் விலை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஐபிஎம் வகைக் கணினியின் நேரக் கடிகாரம் நொடிக்கு 18.2 முறை குறுக்கீடு அனுப்பும். அதாவது 55 மில்லிநொடிக்கு ஒருமுறை. உறங்கவைக்கப்பட்ட செயலியை வேறெவரும் எழுப்பாவிட்டால் இந்தக் கடிகாரமே எழுப்ப வேண்டும். ஒரு நிரல் 5 மில்லிநொடி வேலை செய்துவிட்டு ஒருமுறை விசைப்பலகையைப் பார்க்கிறது, பார்த்தவுடனே உறங்கவைக்கப்படுகிறது என்று கொள்வோம். அடுத்த துடிப்புவரை மீதி 50 மில்லிநொடியும் வீண். 11 நிமிட வேலை பார்க்கும் நேரத்தில் 1 நிமிட வேலைதான் நடக்கும். கணினி பழுதாகவில்லை, நிரலிலும் குறையில்லை. ஆனாலும் வேகம் பதினொன்றில் ஒரு பங்காகிவிடும்.

பவரை எழுதியவர்கள் இதை அறியாதவர்களல்லர். ஒரே முறை தலைதூக்கியதைக் கண்டு உறக்கத்தை விதிக்காமல், தொடர்ச்சியான விசாரிப்பைக் கண்டறியவே முயன்றார்கள். அதனால்தான் அதற்கு உச்சம், நடுத்தரம், குறைந்தபட்சம் என்று மூன்று படிகளை வைத்தார்கள். வேகம் திருப்தியாக இல்லையென்றால் படியைக் குறைத்துக்கொள்ளுமாறு விளக்கக் குறிப்பும் அறிவுறுத்தியது. முற்றிலும் நிறுத்திவைக்கவும் வழி இருந்தது. ஆனால் விளக்கக் குறிப்பைப் படிப்பவர்கள் எத்தனை பேர்?

பசுமைக் கணினி

இதே காலத்தில் மேசைக் கணினிகளுக்கும் சிக்கனம் வந்து சேர்ந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-இல் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியது. வேலையில்லாத வேளையில் கணினி 30 வாட்டுக்கு மேல் உண்ணாமல் உறங்க வேண்டும் என்பது அதன் தொடக்ககால இலக்கு. 1993 ஏப்ரலில் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணையொன்று, கூட்டரசு அலுவலகங்கள் இத்தகுதி பெற்ற கணினிகளையே வாங்க வேண்டும் என்றது. உலகின் மிகப் பெரிய வாடிக்கையாளர் இப்படிச் சொன்னபின் தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? புதிய கணினிகளின் பயோஸ் அமைப்புத் திரையில் மின்மேலாண்மைக்கென ஒரு தனிப்பக்கம் இடம்பெறலாயிற்று.

அந்தப் பக்கத்தில் அரைத்துயில், காத்திருப்பு, ஆழ்துயில் என்று படிப்படியான நிலைகள் இருந்தன. அரைத்துயிலில் செயலியின் கடிகாரம் தளர்த்தப்படும். மற்றக் கருவிகள் விழித்திருக்கும். எவ்வளவு நேரம் அசைவின்றி இருந்தால் அரைத்துயில் என்பதையும் அங்கேயே குறிக்கலாம். பரவலாகப் புழங்கிய ஒரு பயோஸ் வகையில் "உச்ச சேமிப்பு" என்பதைத் தேர்ந்தால் அந்த அவகாசம் 1 நிமிடம். "குறைந்த சேமிப்பு" என்றால் 1 மணி.

அசைவு என்பதை அந்த இயந்திரம் எப்படி வரையறுத்தது என்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. விசைப்பலகை அசைந்தால் அசைவு. சுட்டி நகர்ந்தால் அசைவு. வன்தட்டு, தொடர்முனை, அச்சுமுனை ஆகியவற்றில் போக்குவரத்து இருந்தால் அசைவு. செயலி தன்னளவில் செய்யும் கணக்கு மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்க்கவும் வழியில்லை. டாஸில் செயலி எந்நேரமும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? வெற்றுக் காத்திருப்பில் ஓடுவதையும் உண்மையான கணக்கில் ஓடுவதையும் வன்பொருளால் பிரித்தறிய முடியாது. ஆகவே, வெளியுலகோடு பேசாமல் தனக்குள் உழைக்கும் நிரல் சும்மா இருப்பதாகவே கொள்ளப்பட்டது. நினைவகத்துக்குள் ஆயிரக்கணக்கான சொற்களை அடுக்கிக்கொண்டிருந்த ஆசிரியரின் நிரல் அத்தகையதே.

அளவுகோலே மாறினால்

எங்கள் புதிய கணினியைத் தடுத்த பிழை 200-க்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. டாஸ் காலத்து நிரல்கள் பலவும் செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டவை. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல், தொடங்கும்போதே ஒரு சிறு சுற்றை ஓடவிட்டு, 55 மில்லிநொடிக்குள் எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணிப் பார்க்கும். அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுத்து ஒரு மில்லிநொடிக்கான அளவாக வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்சைத் தாண்டிய செயலிகளில் இந்த வகுத்தலின் விடை, அதற்கென ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்காமல் வழிந்தது. சுழியால் வகுத்தபோது எழும் அதே பிழையாகச் செயலி அதைத் தெரிவித்தது. செயலி இவ்வளவு விரையும் என்று நிரல்மொழியை ஆக்கியவர்கள் எதிர்பார்க்கவில்லை.

அளவெடுத்தபின் வேகம் மாறினாலோ வேறுவிதத் தொல்லை. பயனர் விசையைத் தட்டித்தான் நிரலைத் தொடங்குகிறார். அப்போது கணினி முழுவேகத்தில் இருக்கும். அந்த வேகத்தில் அளவெடுத்துக்கொண்ட நிரலுக்கு, பின்னர் கடிகாரம் தளரும்போது ஒரு நொடி என்பது பல நொடிகளாக நீளும். பழைய கணினிகளின் முகப்பில் "டர்போ" என்றொரு பொத்தான் இருந்ததும் இதன் தொடர்பில்தான். பெயரைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவதற்கு என்று நினைத்தவர்கள் பலர். 4.77 மெகாஹெர்ட்சை நம்பி எழுதிய நிரல்களும் விளையாட்டுகளும் தாறுமாறாக ஓடாதிருக்கும் பொருட்டு, கணினியைத் தளர்த்துவதற்கே அது பெரிதும் பயன்பட்டது. தளர்த்துவது அங்கே பயனரின் கையில், கண்ணுக்குத் தெரியும் ஒரு பொத்தானில் இருந்தது. மின்சிக்கனத்தின் தளர்த்தலோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

கைவிடப்பட்ட டாஸ்

1996-இறுதியில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை ஏசிபிஐ என்னும் புதிய விதிமுறையை வெளியிட்டன. அதன் அடிப்படைக் கொள்கை நியாயமானது: எவர் உழைக்கிறார், எவர் சும்மா இருக்கிறார் என்பதை அறிந்தது இயங்குதளம் மட்டுமே, ஆகவே மின்மேலாண்மையை அதுவே செய்யட்டும். பல வேலைகளை ஒருங்கே நடத்தும் விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றுக்கு இது பொருந்தியது. எந்த நிரலுக்கு வேலை இருக்கிறது என்ற பட்டியல் அவற்றின் கையில் உண்டு. பட்டியல் காலியானால் அவை பழைய ஹால்ட் கட்டளையையோ அதன் வழித்தோன்றல்களையோ இடும். டாஸுக்கு அத்தகைய பட்டியலும் இல்லை, ஏசிபிஐ மொழியும் தெரியாது.

2000-இல் இன்டெல் தன் மடிக்கணினிச் செயலிகளில் ஸ்பீட்ஸ்டெப் முறையைக் கொண்டுவந்தது. மின்கலத்தில் ஓடும்போது வேகமும் மின்னழுத்தமும் சேர்ந்து குறையும். பின்வந்த செயலிகளில் வேகத்தைக் கூட்டச்சொல்லி இயங்குதளம் கேட்க வேண்டியதாயிற்று. டாஸ் கேட்பதில்லை. கணினி விழிக்கும்போது பயோஸ் எந்த வேகத்தில் விட்டதோ அதே வேகத்தில் அது காலந்தள்ளும்.

டாஸை முற்றிலும் மறக்காதவர்களும் இருக்கிறார்கள். ஜிம் ஹால் 1994 ஜூனில் தொடங்கிவைத்த ஃப்ரீடாஸ் திட்டம் 2006-இல் 1.0 பதிப்பையும், 2022-இல் 1.3 பதிப்பையும், 2025-இல் 1.4 பதிப்பையும் எட்டியது. பவரின் இடத்தில் அங்கே எஃப்டிஏபிஎம் என்னும் நிரல் இருக்கிறது. அதன் இன்றைய பயன் வேடிக்கையானது. மெய்நிகர் கணினிக்குள் டாஸை ஓடவிட்டால், அதன் வெற்றுக் காத்திருப்பு வெளிக் கணினியின் செயலிக் கரு ஒன்றை முழுவதுமாக விழுங்கும், விசிறி இரையும். எஃப்டிஏபிஎம் ஹால்ட் கட்டளையை இட்டதும் இரைச்சல் அடங்கும். மறுபுறம், பழைய பயோஸ் வழித் தொடக்கத்தையே 2020-க்குள் கைவிடும் திட்டத்தை இன்டெல் 2017-இல் அறிவித்தது. புதிய கணினிகள் பலவற்றில் டாஸ் இனி நேரடியாக எழ முடியாது. மெய்நிகர் உலகில்தான் அதன் வாழ்வு.

ஆசிரியரின் கணினிக்குத் திரும்புவோம். விசையைத் தொட்டால் வேகம் வருகிறது என்று கண்ட அன்று காலையிலேயே, கணினியை அணைத்து எழுப்பி அமைப்புத் திரைக்குள் நுழைந்தோம். மின்மேலாண்மை "உச்ச சேமிப்பு" என்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்தே அப்படி இருந்திருக்க வேண்டும். செத்துப்போன ஒரு மின்கலத்தைக் காப்பாற்றுவதற்காக அந்த இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை உறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை மாற்றினோம். இரவெல்லாம் முடியாத வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. பெயர்ச்சொல் மட்டுமன்றி வினை, இடை, உரி என்று அத்தனை சொற்களும் அகரவரிசையில் அடுங்கி வந்தன. நிரலில் நாங்கள் ஓரெழுத்தையும் மாற்றவில்லை. குறை ஏதும் அதில் இல்லை.

அச்செடுத்த தாள்களோடு அவரை நேரில் சென்று பார்த்தோம். காரணத்தைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நிரலைச் சந்தேகித்து எட்டு முறை திருத்தி எழுதினேன்" என்றார். பிறகு தாள்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அதற்குள் அவருக்குப் பார்வை வெகுவாக மங்கியிருந்தது. பெயர்ச்சொற்களின் பகுதியில் ஒவ்வொரு சொல்லின் அருகிலும் பொருள், பாட வேறுபாடு, ஊர் வழக்கு என்று முன்பே அவர் குறிப்புகள் சேர்த்திருந்தார். வினைச்சொற்களின் பகுதியில் சொல்லும் பாட்டெண்ணும் மட்டுமே இருந்தன. "அன்றே வந்திருந்தால் இவற்றையும் பார்த்திருப்பேனே" என்றார்.

அந்தச் சொல்லடைவின் படி எங்களிடம் இருக்கிறது. அதன் முதற்பாதி ஓர் அறிஞரின் நூல். பிற்பாதி ஒரு பட்டியல்.